எதிர்காற்றும் எஞ்சின் சைக்கிளும்

தை பிறக்கப் போகிற நாட்களில் கோவிந்தாபுரத்துக் காற்றுக்குக் கொம்பு முளைத்துவிடும். கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து பாய்ந்து வந்து, தென்னை மரங்களையெல்லாம் ஒரே பக்கமாக வாரிச் சீவிவிடும்.

அன்று காலை அது கிருத்திகாவின் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை.

அம்மா பிரதீபா சைக்கிளில் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு தோப்புத் தடத்தில் போய்க்கொண்டிருந்தாள். தடம் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில்தான் பால் சொசைட்டி வண்டி வந்து நிற்கும். பாதி வழியில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. சைக்கிள் சாய்ந்தது. பாலெல்லாம் வாய்க்காலோடு போயிற்று.

அம்மா நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"முட்டி எப்படி வீங்கிருச்சு பாரு," என்றார் அப்பா சிவப்பிரகாஷ். அவர் தேங்காய் லாரி ஓட்டுகிறவர். விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அன்று லாரி பழுதானதால் வீட்டில் இருந்தார். "பேசாம செவலை மாட்டை வித்துப்போடலாம். கருப்பி மட்டும்னா ஒரு கேன்தான். நடந்தே போயிரலாம்."

"ஒரு ஸ்கூட்டர் வாங்கலாமுங்கப்பா," என்றாள் கிருத்திகா.

"நான் அதுல ஏறமாட்டேன் கண்ணு," என்றாள் அம்மா. "சைக்கிள்னா கால் ஊனிக்கலாம்."

செவலை கட்டுத்தறியில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"பொங்கல் கழிச்சு மாட்டு யாவாரியை வரச் சொல்றேன்," என்றார் அப்பா.

"அதுக்குள்ள நான் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டா?"

அப்பா சிரித்தார். கிருத்திகா சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிற அவள் ஒன்றை நினைத்துவிட்டால் லேசில் விடமாட்டாள்.

பள்ளி விட்டதும் தோழி ஷஹ்லாவோடு அவள் வீட்டுக்குப் போனாள். ஷஹ்லாவின் அத்தா அப்துல் சமது வீட்டின் முன்பக்கத்திலேயே பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். கடை முழுவதும் துருப்பிடித்த கட்டில்கள், உடைந்த மின்விசிறிகள், ஓட்டை அண்டாக்கள்.

ஓர் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் தேங்காய் அளவில் ஏதோ கிடந்தது. கிருத்திகா அதை இழுத்துப் போட்டாள். அது ஒரு சின்ன எஞ்சின். அடியில் உருளை ஒன்று. பக்கத்தில் நீளமாக ஒரு கைப்பிடி.

"மாமா, இது என்னதுங்க?"

"அதுவா? எங்க அத்தா காலத்துச் சைக்கிள் எஞ்சின். முன்சக்கரத்துக்கு மேல மாட்டுவாங்க. அந்த உருளை டயரை அழுத்திச் சுத்தும், சைக்கிள் ஓடும். கைப்பிடியை இழுத்தா உருளை மேல தூக்கிக்கும், வெறும் சைக்கிளா மிதிக்கலாம்."

கிருத்திகாவின் கண்கள் விரிந்தன. "இது ஓடுமுங்களா?"

"அதுக்கு உசுர் போயி எத்தனையோ வருசம் ஆச்சும்மா."

"உசுர் வந்துட்டா?"

அப்துல் சமது தாடியைத் தடவினார். "வந்துட்டா நீயே வெச்சுக்கோ. வரலைன்னா திருப்பிக் கொண்டு வந்துரு. எங்களுக்கு இரும்பு இரும்புதான்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எஞ்சினைத் தோப்புக்குத் தூக்கிப் போனார்கள்.

அப்பா அதை அம்மாவின் சைக்கிளில் முன்பக்கம் வைத்து முடுக்கிக் கொடுத்தார். பிறகு விரல் நீட்டி இரண்டு கட்டளைகள் போட்டார். "நான் இல்லாதப்போ பெட்ரோலைத் தொடக்கூடாது. ஓடினாலும் நம்ம தோப்புத் தடத்துலதான். ரோட்டுக்கு ஏறவே கூடாது. போலீஸ் பிடிச்சுக்கும்."

"பிடிச்சா கடைசியில எங்க கடைக்குத்தான் வந்து சேரும்," என்றாள் ஷஹ்லா.

அன்று முதல் தினமும் சாயங்காலம் வேலை நடந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்தார்கள். புது பிளக் மாட்டினார்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். பொறி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"விட்டுரலாமா?" என்று கேட்டாள் ஷஹ்லா.

"இன்னும் உள்ளே திறந்து பார்க்கலையே."

திறந்தார்கள். உள்ளே இரண்டு குட்டி முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின. இரண்டின் மேலும் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கிருத்திகா உப்புத்தாளை நறுக்கி, பொறுமையாகத் தேய்த்தாள். முனைகள் புதுக் காசு போல மின்னின.

"இப்போ சக்கரத்தைச் சுத்து. நான் பிளக்கைப் பிடிச்சுக்கறேன்," என்றாள் ஷஹ்லா.

கிருத்திகா சுற்றினாள்.

"யா அல்லா! கடிச்சிருச்சு!" ஷஹ்லா ஒரு முழம் துள்ளி, வைக்கோல் போரில் போய் விழுந்தாள்.

"பொறி வந்துருச்சு!" என்று கத்தினாள் கிருத்திகா.

சத்தம் கேட்டு வந்த அம்மா, வைக்கோலுக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் ஆடுவதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பால் கொட்டிய நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

எஞ்சினில் பெட்ரோல் டேங்க் இல்லை. அப்துல் சமது ஒரு தகர டப்பாவில் குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார். மூடி சரியாக இல்லையென்றால் பெட்ரோல் சிந்தும். அதனால் கிருத்திகா ரப்பர் வளையம் போட்டு அதை இறுக்கமாக மூடினாள்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். சைக்கிளில் ஏறி மிதித்து, கைப்பிடியைத் தள்ளி உருளையை இறக்கினார்.

"லொக்... லொக்..." என்று எஞ்சின் இருமியது. பிறகு, "டுர்ர்ர்ர்!"

சைக்கிள் காற்றை எதிர்த்துக்கொண்டு ஓடியது! கிருத்திகாவும் ஷஹ்லாவும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

மோட்டார் ரூம் தாண்டியதும் எஞ்சின் நின்றுவிட்டது.

அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு மறுபடி கிளப்பினார். ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. திறந்து பார்த்தார், மூடினார், கிளப்பினார். மறுபடி நின்றது.

"வயசாயிருச்சு சாமி. சூடு தாங்கலை," என்றார் அப்பா. "நீ பண்ணினதே பெருசு. ஆனா பாதித் தடத்துல நின்னா அம்மா கேனோட எஞ்சினையும் சேர்த்து மிதிக்கணும். யாவாரி நாளைக்கு வர்றான்."

கிருத்திகா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து தென்னையில் சாய்த்தாள்.

அடுப்படியில் அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "கண்ணு, அந்தப் புது எண்ணெய் டின்னைக் கொஞ்சம் திறந்து குடு."

கிருத்திகா ஆணியை வைத்து ஒரு மூலையில் தட்டினாள். ஓட்டை விழுந்தது. டின்னைச் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்து, பிறகு வராமல் 'களுக், களுக்' என்று திக்கியது. எப்போதும் போல எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட ஆணியை வைத்தாள்.

கை அப்படியே நின்றது.

'இந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தானே அந்த ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே வரும்? நம் டேங்க்குக்குக் காற்று எப்படிப் போகும்? நாம்தான் இறுக்கி மூடிவிட்டோமே! அப்பா மூடியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காற்று போயிருக்கிறது. அதனால்தான் மறுபடி மறுபடி ஓடியிருக்கிறது!'

"அப்பா! எஞ்சினுக்குச் சூடு இல்லைங்கப்பா! டேங்க்குக்கு மூச்சு முட்டுது!"

"எண்ணெய் எங்கடி?" என்று அம்மா கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.

அப்பா மூடியை மட்டும் கழற்றி வந்து ஒரு கல்லின் மேல் வைத்தார். கிருத்திகா நடுவில் மெல்லிய ஆணியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். ஊசிக்கண் அளவு ஓட்டை.

இந்த முறை சைக்கிள் மோட்டார் ரூமைத் தாண்டியது. இலைகளெல்லாம் படபடத்துக்கொண்டிருந்த ஆலமரத்தைத் தாண்டியது. தடத்தின் கோடி வரை போய், திரும்பி வந்து நின்றது.

"நீ ஓட்டிப் பாரு," என்று அப்பா அம்மாவிடம் சைக்கிளைக் கொடுத்தார். அம்மா முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறந்துக்குங்கம்மா!" என்று அலறினாள் ஷஹ்லா.

இருட்டும்வரை அம்மா ஓட்டிப் பழகினாள். அன்று முறுக்கு கொஞ்சம் தாமதமாகத்தான் வெந்தது.

மறுநாள் காலை காற்று இன்னும் முரட்டுத்தனமாக வீசியது. யாவாரி வருவதால் அப்பா லாரிக்குப் போகவில்லை. அம்மா இரண்டு கேன்களையும் கட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், மிதித்தாள், கைப்பிடியைத் தள்ளினாள். 'லொக், லொக், டுர்ர்ர்!' கிருத்திகா கூடவே ஓடிப் பார்த்தாள். முடியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா கேன்களை இறக்கி வைத்துவிட்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் சொசைட்டி வண்டி வந்தது.

"என்னக்கா, இன்னைக்கு நான் லேட்டா?" என்று டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க, நாளைக்காவது நேரத்துக்கு வாங்க," என்றாள் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

திரும்பி வருகையில் காற்று முதுகைத் தள்ளியது. எஞ்சினும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். காலிக் கேன்கள் கலகலக்க, கிருத்திகாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அம்மா வாசலில் வந்து இறங்கினாள்.

அங்கே மாட்டு யாவாரி செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"பிரதீபா, இவரை வீணா வரச் சொல்லிட்டேன்..."

"வீணா எதுக்குங்க?" அம்மா யாவாரியின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, உங்ககிட்ட நல்ல கறவை மாடு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. சைக்கிள்ல இன்னொரு கேன் கட்ட இடம் இருக்குது."