ஏழாம் எண்ணின் நடிப்பு

வியாழக்கிழமை காலை விஷ்ணுப்ரியா பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடிக்கு ஏறி வந்தபோது, ஜெய்னுதீன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்களைப் பிடித்தவர். ஓய்வுக்குப் பின்னும் அந்தக் கெட்ட பழக்கம் விடாமல் இந்த மாடியில் துப்பறிந்துகொண்டிருந்தார். அவருடைய உதவியாளர் கன்னையா, லோரி ஓட்டி முதுகு போனவர். வந்தவள் உட்காரும் முன்பே, அவள் கணவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டியிருந்தார். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவள் மனநல ஆலோசனை படிக்கும் முதுகலை மாணவி. இரண்டு தெரு தள்ளி டத்தோ பட்டம் வாங்கிய டாக்டர் பக்கிரிசாமி ஓர் ஆய்வு மையம் வைத்திருந்தார். அங்கே பன்னிரண்டு பேர், வேலை இழந்த ஐம்பது வயதுக்காரர் போலத் திரைக்குப் பின்னால் இருந்து பேசுவார்கள். கதை டத்தோ எழுதியது. விஷ்ணுப்ரியா அவர்கள் முகம் பார்க்காமல் ஆலோசனை சொல்ல வேண்டும். நடுவர்கள் இரு தரப்புக்கும் மதிப்பெண் போடுவார்கள். எல்லாம் பாவனைதான்.

"ஏழாவது ஆள் நடிக்கல, அங்கிள்" என்றாள். "டத்தோகிட்ட பேர் கேட்டேன். ஆய்வு ரகசியமாம். ஏழாம் எண்ணை நீக்கியாச்சு, நீ ஏன் கவலைப்படறேங்கிறாரு."

அவள் கைபேசியில் இருந்த பதிவுகளைக் கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் பின்னணியில், அறையைக் குளிரூட்டும் ஏர்கோன் ஒழுகி வாளியில் சொட்டும் சத்தம். மூன்றாம் எண் இருபது நிமிடம் விம்மியது. நிஜமாக அழுவது இவள்தான் என்று கன்னையா மேசையைத் தட்டினார். காப்புறுதிப் பணம் கேட்டு வருபவர்கள் இதைவிட நன்றாக அழுவார்கள் என்றார் ஜெய்னுதீன்.

ஏழாம் எண் அழவில்லை. நீ எந்த ஊர், அப்பா பேர் என்ன, கிள்ளானில் சொந்தக்காரர் உண்டா என்று அது முதலில் விஷ்ணுப்ரியாவை விசாரித்தது. பிறகு ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது: "இந்த வெள்ளிக்கிழமை என் மகனுக்கு வருஷத் திதி. அத முடிச்சிட்டா, அப்புறம் நான் இருக்கணும்னு அவசியமில்ல."

டத்தோ எழுதிய கதையில் மகனே கிடையாது. நாளைதான் வெள்ளிக்கிழமை.

ஜெய்னுதீன் அந்தப் பதிவின் நடுப்பகுதியை மூன்று முறை ஓடவிட்டார். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தார்.

டத்தோவின் அறையில் சான்றிதழ்களுக்குச் சுவர் போதாமல் ஜன்னலையும் மூடியிருந்தார்கள். பாவனைச் சோதனையின் பெருமையை அவர் நின்றுகொண்டே விளக்கினார். எல்லாருக்கும் ஒரே கதை, ஒரே அறை, ஒரே கால அளவு. நிஜத் துன்பக்காரர் யாரும் மாணவர் கையில் சிக்கிச் சீரழிவதில்லை. எதையும் அளக்கலாம்.

"நியாயந்தான் டத்தோ" என்றார் ஜெய்னுதீன். "ஒரே கதையா இருந்ததாலதான் ஒருத்தர் மட்டும் விலகிப் போனது எங்களுக்கே தெரிஞ்சுது. ஆனா நடிக்கிறவங்களுக்கு இழக்க ஒண்ணுமில்ல. பதினோரு பேர்ல ஒருத்தர்கூட, நீ யார் வீட்டுப் பிள்ளைன்னு இந்தப் பொண்ணைக் கேக்கல. சேதி ஊருக்குப் போயிடுமோன்னு நிஜமா பயந்தவங்கதான் அதக் கேப்பாங்க. உங்க நடுவர் அதுக்கு என்ன எழுதினாரு?"

டத்தோ தாளைப் பார்த்தார். 'தேவையற்ற கேள்விகள். நடிப்பு இயல்பாக இல்லை. பத்துக்கு இரண்டு.'

கன்னையா சொன்ன கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"இன்னொண்ணு" என்றார் ஜெய்னுதீன். "மத்த பதிவுல தண்ணி கடைசிவரை ஒரே மாதிரி சொட்டுது. ஏழுல பாதியில நாற்காலி நகருது, தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது, அப்புறம் சொட்டு காலி வாளியில விழுது. வாளி நிறைஞ்சதும், தன் சாவைப் பத்திப் பேசறத நிறுத்திட்டு எழுந்து ஊத்திட்டு வந்து உக்காந்திருக்காங்க. அது யாரோட வேலை, டத்தோ?"

டத்தோ உட்கார்ந்தார். நடிக்க வேண்டிய நாடக மாணவி ஒருத்தி பதிவு நாளில் வரவில்லையாம். கூட்டிப் பெருக்கும் புனிதா சும்மா நின்றாளாம். கதையைச் சொல்லி உள்ளே அனுப்பினாராம். "பன்னிரண்டு வேணும் லா. பதினொண்ணுன்னா அட்டவணை அசிங்கமா இருக்கும்."

"அப்புறம் நீங்களே நீக்கிட்டீங்க."

"சராசரியக் கெடுத்துட்டா."

அந்த வியாழக்கிழமை புனிதா விடுப்பில் இருந்தார். முகவரியை வாங்கிக்கொண்டு மூவரும் கிள்ளானுக்கு அப்பால் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்குப் போனார்கள். கன்னையா வழியில் இருந்த ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் டத்தோவின் பெயரை வைத்துத் திட்டினார்.

புனிதா கதவைத் திறந்தார். வரவேற்பறையில் நாளைய படையலுக்கான சாமான்கள். மூலையில் துணி மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும், அது போய்ச் சேர வேண்டிய அண்டைவீட்டுக்காரர் பெயர் எழுதிய தாள். விஷ்ணுப்ரியா தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "நாளைக்குச் சாகப் போறீங்களா, ஆன்டி?"

அந்தக் குரலைக் கேட்டதும் புனிதா அவள் எதிரே உட்கார்ந்தார். "நடின்னு சொன்னாங்க பாப்பா. அதான் சொல்ல முடிஞ்சுது. நிஜமா கேட்டிருந்தா வாயே தெறந்திருக்க மாட்டேன்."

பிறகுதான் அழுதார். மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், திதிக்கு நானும் கூட இருக்கிறேன் என்று விஷ்ணுப்ரியா சொன்னதற்குப் புனிதா மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னார். கன்னையா ஓடிப்போய்ச் சோறு கட்டிக்கொண்டு வந்தார்.

ஜெய்னுதீனின் கைபேசி ஒலித்தது. டத்தோ உற்சாகமாக இருந்தார். நிஜ நபர் ஒருவர் கிடைத்தது ஆய்வுக்குப் பெரிய திருப்பமாம். ஏழாம் எண்ணைத் திரும்பச் சேர்க்கப் போகிறாராம். அந்த அம்மாவிடம் ஒரு கையெழுத்தும், அவர் அழுதால் அதன் ஐந்து நிமிடப் பதிவும் வாங்க முடியுமா என்று கேட்டார்.

முப்பது வருடத்தில் மோசடிக்காரர்களைக்கூட மரியாதை குறையாமல் பேசியே அனுப்பியவர் ஜெய்னுதீன்.

"அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். "வைடா போனை."