பதினொரு சோடி பூட்ஸ்

வெள்ளவத்தை பஸ் ஹோல்டில் மழைக்கு ஒதுங்கி நின்ற துஷாந்தினியின் சேலையில், நனைந்த சாக்கு ஒன்று உரசிவிட்டது. புதுச் சேலை... அதில் பட்டையாய்ச் சேறு.

"கண் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும் மிஸ்... சாக்குக்குத்தான் தெரியாது."

நிமிர்ந்து பார்த்தாள். ஹியூபேட். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றின் புட்போல் கோச். புதன்கிழமை அரையிறுதியில் அவளுடைய பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்திடம் தோற்றது அவன் அணிதான். மழைநீர் சொட்டும் இமைகளுக்குள் எப்படித்தான் இவ்வளவு சிரிப்போ... சேற்றைத் துடைத்த அவள் கை நடுங்கியது.

"எல்லாம் தையல் விட்ட பூட்ஸ் மிஸ். மார்க்கெட் பக்கம் தைக்கக் குடுக்கப் போறேன். எங்கட ஸ்கூலுக்கு மொத்தமே பதினொரு சோடிதான். வெளிய வாறவன் கழட்டிக் குடுத்தாத்தான் உள்ள போறவன் போடலாம்."

அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதானே அன்று அப்படிச் செய்தாள்...

அணிக்கு ஒரு கோல். கடைசிப் பத்து நிமிடம். கால் சுளுக்கிய பையன் வெளியே வர, அவன் பூட்ஸுக்காக இன்னொருவன் வெறுங்காலோடு கோட்டருகே நின்றான். அணிக்குப் பொறுப்பாசிரியையான அவள் அதிகாரியின் மேசைக்கு விறுவிறென்று போய், மாற்று ஆட்டக்காரன் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வந்து நிற்க வேண்டும் என்று விதியைக் காட்டினாள். அதிகாரி, அந்த மாற்றமே செல்லாது என்று பையனைத் திருப்பி அனுப்பினார். பத்துப் பேரோடு ஆடித் தோற்றார்கள். வென்ற அணியோடு எடுத்த படத்தில் அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். சீ...

அதைச் செய்தது நான்தான் என்று இவருக்குத் தெரியாது போல. சொல்லிவிடு என்றது மனம். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமையும் அதே ஹோல்ட், அதே சாக்கு. அதற்கடுத்த சனியும். அவன் சீண்டச் சீண்ட அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அந்தச் சிரிப்புக்காகவே கூசிப்போனாள். நாலாவது சனிக்கிழமை. வரும் வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி... இனியும் மறைக்க முடியாது.

"ஹியூபேட்... அண்டைக்கு மேசையில போய்ச் சொன்னது நான்தான். பொடியன் பூட்ஸுக்குத்தான் நிக்கிறான் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். வெல்லோணும் எண்ட ஆசை... உங்கட முகத்தில முழிக்கவே வெக்கமாக் கிடக்கு."

பையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். மேட்சைத் திரும்ப வைக்கும்படி போட்டிக்குழுவுக்கு எழுதியது. "அதிபரிட்டயும் காட்டிட்டன். நல்லா ஏசினவ. திங்கக்கிழமை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அவன் வாசித்தான். சிரிப்பு இல்லை.

"எனக்குத் தெரியும் துஷாந்தினி. நானும் அங்கதானே நின்டேன். அண்டைக்கு மழையில உங்களக் கண்டதும், நாலு வார்த்தை நல்லாக் கேக்கத்தான் கிட்ட வந்தேன். சாக்கு முந்திட்டுது."

"பிறகு ஏன் கேக்கேல்ல?"

"உங்கட கை நடுங்கிச்சு... கேக்க மனம் வரல்ல."

அவள் கண்கள் நிறைந்தன. "அப்ப ஏன் ஒவ்வொரு சனியும் இங்க..."

"கொட்டாஞ்சேனையில பூட்ஸ் தைக்க ஆள் இல்லாமலா?" அவன் தலையைச் சொறிந்தான். "வெள்ளவத்தையிலதான் நல்லாத் தைப்பாங்கன்னு பொடியன்மாருக்குப் பொய் சொல்லிட்டு வாறேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

அவளுடைய பஸ் வந்து நின்றது. போய்விட்டது. அவள் ஏறவில்லை.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு," என்றாள், தலை நிமிராமலே. "கடிதம் குடுத்த பிறகும்... இங்க வருவீங்களா?"

"வருவேன். சாக்கில்லாம வருவேன்."