பலகைக்கு அடியில்

முருகவேல் இன்னும் அறுக்கும் மெஷினையே போடவில்லை. அறுக்கும்போது மைக்கா பெயர்ந்து பல்லிளிக்கக் கூடாதென்று பலகையில் டேப் ஒட்டி, பென்சில் கோடு மட்டும் போட்டிருந்தான். அந்தக் கோட்டின் மேலேயே மயிரிழை மாதிரி ஒரு வெட்டு இருந்தது.

கண் கோளாறு என்று தள்ளிவிட்டான். அலமாரிக்கான பலகை ஆளைவிடப் பெரியது. கதவு திறக்கும் இடம் போக, படுக்கையறைத் தரை முழுக்க தெர்மாகோல் மேல் அதுதான் கிடந்தது. மகள் சினேகாவுக்குத் தூசி பட்டால் இழுப்பு வந்துவிடும். அதனால் ஜன்னலை அடைத்து, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டச் சொல்லியிருந்தான் மனைவி அபிநயாவிடம். மெஷின் சத்தம் நின்று, தான் கூப்பிட்டால்தான் திறக்க வேண்டும் என்றும் கறாராகச் சொல்லியிருந்தான். பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டத்தின் இரைச்சலில் பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது என்று அவனேதான் நாள் பார்த்தான். பெரிய புத்திசாலி!

பலகை மேல் மண்டியிட்டு மெஷினைத் தள்ளினான். சூடேறிய பசை வாடை, மரத்தூள், மூக்கில் கட்டிய துண்டுக்குள் வியர்வை, வெளியே ஓயாத காலடிகளும் அரோகராவும், எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறை அடுப்படியாகப் புழுங்கியது. பாதியில் சுவிட்சை விட்டான். பிளேடு நின்றது. சத்தம் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். சத்தம் அவன் முட்டிக்குக் கீழே ஓடியது. வெட்டு தானாக முன்னால் போனது. ஒரு சில்லுகூடப் பெயராத சுத்தமான வெட்டு.

பாய்ந்துபோய்க் கதவை இடித்தான். திற அபி, திற என்று கத்தினான். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அவன் கத்தக் கத்த அறுக்கும் சத்தம் ஜாஸ்தியானது. வேலை நடக்கிறது என்றுதானே அவள் நினைப்பாள்? தொண்டை கட்டிப்போனது.

வெட்டு ஓரத்தைத் தொட்டது. சத்தம் நின்றது.

அடியிலிருந்து அவன் குரல் வந்தது. அச்சு அசலாக.

“அபி, முடிஞ்சிடுச்சி. பாப்பாவையும் இட்டுனு வா.”

வேண்டாம். கத்தப் பார்த்தான், வெறும் காற்றுதான் வந்தது. வெளியே டேப் கிழிந்தது. தாழ்ப்பாள் விலகியது. இவ்வளவு நேரம் திறக்கச் சொல்லி இடித்த கதவைத் தோளால் முட்டித் தடுத்தான்.

“என்னங்க, ஏன் கதவப் புடிச்சினு இருக்கீங்க? பாப்பா வரா, விடுங்க.”

முதுகுக்குப் பின்னால் பலகைத் துண்டு எழும்பியது. திரும்பிப் பார்த்தான். அடியிலிருந்து நீண்ட தூள் படிந்த விரல்கள் அதன் ஓரத்தை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தன, பிசிறு இருக்கிறதா என்று.

இன்னும் அழுத்தினான். கதவு முழுக்க மூடிக்கொள்ளவில்லை. கீழே பார்த்தான்.

இடுக்கில் சினேகாவின் விரல்கள்.