வெட்டாத நூல்

மணிக்கட்டில் நூல் கட்டி ஐம்பது மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் போனால் மூன்று நாள் முடியும். பிறகு அவிழ்க்கலாம். வெட்டத்தான் கூடாது.

மினசோட்டாவின் ஏப்ரல் மழை. ரொட்டி ஆலைக்குள் ஓடி வந்த தாவொன், வாசலில் நின்றவன் மேல் மோதினாள்.

"மெதுவா..." என்றான். அவன் கண்களில் மழை வெளிச்சம். அவள் பார்வையைத் தாழ்த்தினாள். சட்டையில் 'கென்' என்ற பெயர்ப்பட்டை. இன்று சேர்ந்த மேற்பார்வையாளர்.

அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

"இதோட மாவுகிட்ட போக முடியாதுங்க. கத்தரிக்கோல் மேஜைல இருக்கு."

அவளுடைய தாய்மொழியான லாவோவில் சொன்னான். அதனாலேயே கூடுதலாக வலித்தது.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்... ஆலை விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"நீளக் கையுறை போட்டு டேப் ஒட்டிக்கிறேன்."

"மேலாளர் ஒத்துக்க மாட்டார்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவன் தன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"'கென்'னு பேரையே வெட்டிக்கிட்டவருக்கு நூல் எம்மாத்திரம்."

பனிக்காலத்தில் அப்பா இறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அவள் உயிர் எங்கோ அலைகிறது என்று, ஞாயிறன்று லாவோ புத்தாண்டுக்குக் கோயிலில் கூடியவர்கள் அதை அழைத்து, இந்த நூலால் கட்டினார்கள்; அவளும் மற்றவர்களுக்குக் கட்டினாள். அன்றிரவு தூங்கினாள். இதையெல்லாம் இவனிடம் சொல்ல வேண்டுமா என்ன...

"வேலை போனா போகட்டும். வெட்ட மாட்டேன்."

பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். நெஞ்சு படபடத்தது. கோபம்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

பேருந்து வருமுன் அவன் வந்தான், குடையில்லாமல்.

"மேலாளர் சரின்னுட்டார். கையுறை, டேப். ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருக்கா?"

நனைந்த சட்டைக் கையை மேலே இழுத்தான். மணிக்கட்டில் வெள்ளை நூல்.

"வெட்டச் சொன்னா நானும் கெளம்பிடுவேன்னு சொன்னேன். மொத நாளே நல்ல பேர் வாங்கியாச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள்.

"அப்ப ஏன் மறைச்சீங்க?"

"பயம்... உங்களப் பாத்த பிறகு வெக்கமாப் போச்சு. என் பேர் கம்சாய்."

"நாளைக்கு அவிழ்த்துடுவீங்களா, கம்சாய்?"

"மாட்டேன்."

"ஏன்?"

மழை அவன் இமையில் நின்றது.

"கோயில்ல ஒரு பொண்ணு வரிசையா எல்லாருக்கும் கட்டிக்கிட்டே வந்தா. ஒருத்தர் முகத்தையும் நிமிந்து பாக்கல. ரெண்டு நாளா அவளத்தான் நெனச்சிட்டிருக்கேன்..."

அவள் நிமிர்ந்தாள்.

"இதக் கட்டினது நீங்கதான், தாவொன்."