மேலறையில் மூன்று நாள்

டாக்டர் உமையாள் அன்று காலை ஏழு மணியிலிருந்து செய்யது மீரானின் இதயத்துக்குள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்க மேலறையில் மூவாயிரம் நாற்காலி கொள்ளும் என்பது அவருடைய உத்தேசம். நாலாயிரத்து இருநூறு பேர் பதிவு செய்துவிட்டார்கள். அறையை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் காட்டச் சொன்னார். பெரிதாகிவிட்டது. மீரானுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் அடுத்த கட்டடத்தின் பத்தொன்பதாம் வார்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிலாவின் வெண்பாறைக் குடியிருப்பில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. போன மாதம்தான் யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தில் கவியரங்கம் நடந்து முடிந்திருந்தது. ரத்தத்தில் ஒரு லட்சம் குருதி மின்மினிகளைச் செலுத்துவார்கள். ஒவ்வொன்றும் தூசியில் தூசி. அவை உள்ளே மிதந்தபடி வெளிச்சம் போட்டு, பார்த்ததை எல்லாம் அந்தந்த நொடியே வெளியே அனுப்பும். புலன்மூடியைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும், பூமியில் இருப்பவரும் அந்த உறுப்புக்குள் போய் உட்காரலாம்.

ஆனால் உயிருள்ள இதயத்துக்குள் உடற்கூறியல் மாநாடு என்பது இதுவே முதல்முறை. யோசனை உமையாளுடையது. இருபத்திரண்டு வருடமாக இதயத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். முதல்முறை உள்ளே நுழைந்தபோது, பாடம் நடத்திய வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கண்ணாடியைப் போல் தெளிவாக்கிக் காட்டிய ரத்தம் நான்கு வாசல்கள் வழியே நான்கு நதிகளாக வந்து விழுந்தது. செம்பவளச் சுவர்கள் சுருங்கின, விரிந்தன. காலடியில் ஈரிதழ் வால்வின் இரண்டு கதவுகள் திறந்து அவ்வளவு நதியையும் கீழே இறக்கிவிட்டு, சத்தம் தெரியாமல் பொருந்திக்கொண்டன. கீழே, ஆழத்தில், அந்தக் கதவுகளை இழுத்துப் பிடித்திருந்த வெண்ணிறத் தசைநாண் கயிறுகள் வீணைத் தந்திகள் போல அதிர்ந்தன. அறுபத்தாறு வருடமாக ஒரு நொடி விடுப்பு எடுக்காமல் நடக்கிற வேலை. உமையாள் அரை நிமிடம் தன்னை மறந்தார். பிறகு அழைப்பிதழ் ஞாபகம் வந்துவிட்டது.

மறக்கக்கூடிய அழைப்பிதழா அது! வெண்பாறை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறை என்றால் உமையாள் ஒருவர்தான். மாணவர்களுக்கு நெற்றிப்பொட்டில் அறிவுச்சில்லு இருந்தது. இருநூற்றாறு எலும்பின் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள், ஓர் எலும்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அறுவை செய்ய இயந்திரங்கள் இருந்தன. பிறகு துறை எதற்கு? மூடுவதா வேண்டாமா என்று கோளிடை உடற்கூறியல் பேரவை மாநாட்டின் கடைசி நாள் வாக்கெடுத்து முடிவு செய்யும் என்று அதில் போட்டிருந்தது. பேரவை என்றால் தலைவர் டாக்டர் விருத்தகிரி. சென்னையில் இருப்பவர். ‘உடற்கூறியல் பேரொளி’ என்று பட்டம் பெற்றவர். பட்டம் கொடுத்த சங்கத்துக்கும் அவரே தலைவர்.

முந்தின நாள் அவர் உமையாளிடம் பேசினார். பூமிக்கும் நிலாவுக்கும் இடையே சொல் போய்ப் பதில் வர இரண்டரை விநாடி ஆகும்.

“பதாகையில என் பேரு எத்தனை அடி?”

“ஆறு அடி ஐயா.”

இரண்டரை விநாடி.

“துணைத்தலைவர் பேரு?”

“அதுவும் ஆறு அடிதான் ஐயா.”

இந்தத் தடவை ஐந்து விநாடி. ஒளிக்கு இரண்டரை, ஐயாவின் மனவருத்தத்துக்கு இரண்டரை.

பெயர் பன்னிரண்டு அடி ஆயிற்று. பதாகை இடப்பக்கச் சுவர் முழுவதையும் மூடியது. அந்தச் சுவரில் ஒரு சின்னப் பை உண்டு. மடங்கிய காதுமடல் போல இருப்பதால் அதற்கு இதயச்செவி என்று பெயர். அதுவும் பதாகைக்குப் பின்னால் போய்விட்டது. பதாகைக்குப் பின்னால் இருப்பதை மென்பொருள் வரைந்து காட்டாது. கணிப்பொறிக்கு வீண் சிரமம். மேடையில் வெளிச்சம் பத்தாது என்று ஐயா சொன்னதால், மின்மினிகளில் முக்கால்வாசியை மேடை விளக்குகளாக நிறுத்தியாயிற்று. உரைகளுக்கு நடுவே ஒரு சின்ன மணிகூட ஒலிக்கக்கூடாது என்றும் சொன்னதால், மீரானின் நாடித்துடிப்புக் காவல்மணியையும் அணைத்தாயிற்று. மூன்று உத்தரவையும் நிறைவேற்றியது அவைக்காவலன் என்ற மென்பொருள். கையெழுத்துப் போட்டவர் உமையாள்.

செய்யது மீரான் நாற்பது வருடம் வெண்பாறையின் லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொண்டவர். இதயத்தைத் தருகிறேன் என்று சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “எனக்கும் ஒரு சீட்டு வேணும் டாக்டரம்மா. என் வீட்டுக்குள்ள விசேஷம், நான் வெளியில நிக்கிறதா?” கடைசி வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. அவரும் பதிவு செய்த பங்கேற்பாளர்தான்.

முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. ரத்தத்துக்குள் சுடர் நின்று எரிந்தது. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, நாற்பத்தொரு பேருக்குப் பொன்னாடை. ஒவ்வொரு பொன்னாடைக்கும் கைதட்டல் உடனுக்குடன் எழுந்தது. பூமியிலிருந்து இவ்வளவு சீக்கிரம் வருகிறதே, தொடர்பு நன்றாக இருக்கிறது என்று உமையாள் மகிழ்ந்துபோனார். இதயத்தைப் பற்றிய அவருடைய உரைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பொன்னாடைகள் போக நான்கு நிமிடம் மிஞ்சியது.

சாயங்காலம் மீரான் புலன்மூடி வழியே உமையாளின் காதில் பேசினார். “நெஞ்சுக்குள்ள என்னமோ படபடன்னு இருக்கு.”

“நாலாயிரம் பேரு உள்ள உக்காந்திருந்தா படபடக்காதா?” என்று சிரித்தார் உமையாள். அடுத்த நாள் குழுப்படத்தில் யார் எங்கே நிற்பது என்ற வரைபடம் அவர் கையில் இருந்தது. அதில் ஏற்கெனவே மூன்று மனவருத்தங்கள்.

மூன்றாம் நாள் விருத்தகிரியின் நிறைவுரை. அரங்கம் நிறைந்திருந்தது. நாலாயிரம் தலைகள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமோதித்து ஆடின. ஐயா இதயத்தைப் பற்றிப் பேசவில்லை, தாம் இதயத்தைப் பற்றிப் பேசிய கூட்டங்களைப் பற்றிப் பேசினார். அப்போது சுவர்கள் லேசாக நடுங்கின. சுருங்கி விரியாமல், காற்றுப் பட்ட இலை போல நடுங்கின. ஐயா கையை உயர்த்தினார்.

“பாருங்கள், என் சொல் கேட்டு இந்த இதயமே சிலிர்க்கிறது!”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

“டாக்டரம்மா,” என்றார் மீரான் காதுக்குள், மெதுவாக. “பெரியவர் பேசும்போது குறுக்க வர்றேன், தப்பா நினைக்காதீங்க. எனக்கு மேடை தெரியல, அதனால மூணு நாளா கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என் தொழில் அதுதானே. கதவு தாளம் தப்புது. ஒண்ணு சீக்கிரம், ஒண்ணு லேட்டு. லிஃப்ட்டுல இப்படிக் கதவு ஆடுனா நான் ஆளை ஏத்தவே விடமாட்டேன்.”

உமையாள் குனிந்து பார்த்தார். மூன்று நாளில் அவர் இதயத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை. எண்ணினார். இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தன. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று, முண்டியடித்துக்கொண்டு. சுவர் சிலிர்க்கவில்லை. மேலறை துடிப்பதை விட்டுவிட்டு உதறிக்கொண்டிருந்தது. அப்படி உதறினால் ரத்தம் எங்கே தேங்கும் என்பது முதல் வருட மாணவருக்குச் சொல்லித்தரும் பாடம். அந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு அடிக்கு ‘விருத்தகிரி’ என்று எழுதியிருந்தது.

“பதாகையை எடு,” என்றார்.

“நிறைவுரை முடிய இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருக்கிறது,” என்றது அவைக்காவலன். “நடுவில் பதாகையை எடுப்பது மரபு இல்லை.”

இன்னும் ஒரு மணி நேரத்தில் வாக்கெடுப்பு. அந்த மனிதரின் பெயரை அவர் முகத்துக்கு எதிரே உரித்து எடுத்தால் துறை மிஞ்சாது. இருபத்தெட்டு நிமிடம்தானே என்று உமையாளின் மனதுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டதற்காகப் பிற்பாடு அவர் பல நாள் வெட்கப்பட்டார். காலடியில் கதவு ஒரு துடிப்பைத் தவறவிட்டது.

“எடுன்னு சொன்னேன்.”

பதாகை மறைந்தது. இதயச்செவியின் வாய் குகை போலத் திறந்திருந்தது. உள்ளே, அரங்கின் அளவில் ஒரு யானைக்குட்டி உயரத்துக்கு, கருஞ்சிவப்பாக உறைந்த ரத்தக்கட்டி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து நீண்ட ஓர் இழை ஓட்டத்தில் வெளியே வந்து, ஆடி ஆடிக் கதவைத் தேடிக்கொண்டிருந்தது. அறுந்தால் சில துடிப்புகளில் மூளைக்குப் போய்விடும்.

“மின்மினிகள் எல்லாத்தையும் இங்க கொண்டுவா.”

“அவை மேடை விளக்குகள். எடுத்தால் தலைவர் இருட்டில் நிற்பார்.”

“நிக்கட்டும்.”

மேடை இருண்டது. அடுத்த நொடியில் உமையாள் கண்டதை விவரிக்க அவருடைய பாடப்புத்தகத்தில் சொல் இல்லை. லட்சம் பொறிகள் நதியின் குறுக்கே ஆறாகப் பாய்ந்தன. குகைக்கும் கதவுக்கும் நடுவே ஒன்றோடு ஒன்று கை கோத்தன. ஒரு துடிப்பில் ஓர் இழை, மறு துடிப்பில் அதன் குறுக்கே இன்னோர் இழை. ஒளியால் ஒரு வலை பின்னப்பட்டது. கட்டியின் இழை அறுந்து மிதந்து வந்து, அந்த வலையில் மோதி, நின்றது. சுற்றிலும் செம்பவளச் சுவர்கள் உதறியபடியே தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. விடவில்லை. தாளம் தப்பியும், மூச்சிரைத்தும், ஒவ்வொரு வாய் ரத்தத்தையும் கீழே இறக்கிக்கொண்டே இருந்தன. கடைசி வரிசையில் ஒரு மனிதர் எழுந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யா அல்லாஹ்,” என்றார் மீரான். “இவ்வளவு காலமும் இது தனியா இந்தப் பாடு பட்டிருக்கு. நான் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல.”

பத்தொன்பதாம் வார்டுக்கு அறுவை இயந்திரம் உருண்டு வந்துவிட்டது. மீரானின் புலன்மூடி கழற்றப்பட, கடைசி வரிசை நாற்காலி காலியானது. உமையாள் மேடைப் பக்கம் திரும்பினார்.

“ஐயா, மன்னிக்கணும். நோயாளி உயிருக்கு ஆபத்து, அதனாலதான் உங்க பேச்சுக்கு நடுவுல—”

“மிகச் சிறப்பு!” என்றார் விருத்தகிரி இருட்டிலிருந்து, அவர் முடிக்கும் முன்பே. “இந்த ஒளிமிகு மேடையில் நிற்கையில்...”

அந்த இரண்டரை விநாடி எங்கே போனது?

உமையாள் அரங்கைப் பார்த்தார். நாலாயிரம் தலைகள் ஒரே நேரத்தில் முன்னே சாய்ந்தன, ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. எவர் கண்ணும் குகைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. தலையாட்டி என்றொரு மென்பொருள் சந்தையில் இருப்பது அவருக்குத் தெரியும். உங்கள் முகத்தை மாட்டிக்கொண்டு உங்களுக்குப் பதிலாகக் கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டும். உயர்ந்த ரகமாக இருந்தால் உரையும் ஆற்றும். நிலாவிலுள்ள கணிப்பொறியிலேயே ஓடுவதால் அதற்குத் தாமதம் கிடையாது.

“இந்த அரங்குல ஆளுங்க எத்தனை பேரு?” என்று கேட்டார்.

“இப்போது நீங்கள் ஒருவர்,” என்றது அவைக்காவலன். “சற்று முன்வரை அரங்கத்தின் சொந்தக்காரரும் இருந்தார்.”

நிறைவுரை இருட்டில் மீதி இருபது நிமிடமும் நடந்து முடிந்தது. நன்றியுரையும் ஆயிற்று. வாக்கெடுப்பில் துறை நீடிக்கலாம் என்று ஒருமனதாக முடிவானது. தலையாட்டிகளுக்கு வேறு விதமாக ஆட்டத் தெரியாது.

மறுநாள் காலை மீரான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டி போய்விட்டது, துடிப்பு தாளத்துக்கு வந்துவிட்டது. உமையாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

“முதல் நாளே சொன்னீங்க. நான்தான் கேக்கல.”

“விடுங்கம்மா. ஆளுதான் தப்பிச்சாச்சே.” மீரான் கொஞ்சம் தயங்கினார். “எல்லாருக்கும் சான்றிதழ் உண்டுன்னு போட்டிருந்தீங்க. பேரப்பிள்ளைங்ககிட்டக் காட்டணும். எனக்கு வருமா?”

உமையாள் அவைக்காவலனிடம் கேட்டார்.

“உயிருள்ள இதயத்தை மூன்று நாள் நேரில் உற்றுநோக்கியதற்காக நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்குச் சான்றிதழ் அனுப்பியாயிற்று,” என்றது அது. “ஒருவருக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். செய்யது மீரான், கடைசி வரிசை. நன்றியுரைக்கு முன்பே அரங்கை விட்டு வெளியேறிவிட்டார்.”

“அவர் ஆபரேஷனுக்குப் போனார்!”

“காரணம் எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.”

மீரான் சிரித்தார். தையல் வலித்திருக்க வேண்டும், நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடுத்த தடவை நான் விவரமா இருந்துக்கிறேன் டாக்டரம்மா. ஒரு தலையாட்டியை உள்ள உக்கார வச்சுட்டு ஆபரேஷனுக்குப் போறேன்.”

“அப்படிச் செய்திருந்தால் செல்லும்,” என்றது அவைக்காவலன்.