சேவல் கூவிய கேசட்

“நாலு மணிக்குள்ள எறங்கிரணும். அதுக்கு மேல அந்தப் பாதை ஆனைக்குத்தான்” என்று துரைப்பாண்டி அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தார். மணி பன்னிரண்டு. ரூத்தும் அவள் தோழி சபீனாவும் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைத்தார்கள்.

தேடிப் போனது ஒரு வீடியோ கேசட்டை. அண்ணாச்சி ஒரு காலத்தில் அந்த மலையில் லோக்கல் கேபிள் டிவி நடத்தியவர். மூக்கால் புல்லாங்குழல் ஊதுபவர், பல்லால் ஜீப் இழுப்பவர் என்று யார் வித்தை காட்டினாலும் கேமராவோடு போய் நிற்பார். 1998இல் சேவல் கூவும் போட்டி ஒன்று வைத்தார். ரூத்தின் அப்பா தாவீதின் சேவலுக்கு முதல் பரிசு. உற்சாகத்தில் எஸ்டேட் முதலாளி மேடையிலேயே மூன்று சென்ட் இடத்தைத் தாவீதுக்குக் கொடுத்துவிட்டார். வாய்ப்பேச்சுதான், பத்திரம் கிடையாது. இப்போது முதலாளியும் இல்லை, தாவீதும் இல்லை. எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியவர்கள், அந்த இடத்தில் தாவீது கட்டிய வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். நாளைக் காலை தாசில்தார் விசாரணை. ஆதாரம் இல்லையென்றால் ரூத்தும் அவள் அம்மா எஸ்தரும் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மூடுபனியில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. காலில் ஏறிய அட்டைகளை உப்பைத் தேய்த்து உதிர்த்தபடி நடந்தார்கள். மூங்கில் முறியும் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஆனையோ என்று ரூத் சபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு, அண்ணாச்சியின் கேபிள் டவரடியில் இருந்த பழைய அறையை அடைந்தார்கள். பூட்டைக் கல்லால் தட்டியதும் கதவே கையோடு வந்துவிட்டது. உள்ளே இருநூறு கேசட்டுகள், பாதிக்கு மேல் பூஞ்சை. முக்கால் மணி நேரம் புரட்டிய பிறகு ‘சேவல் போட்டி’ என்று எழுதிய கேசட் அகப்பட்டது.

ரூத் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சபீனாவின் முகம் மட்டும் வாடியது. அவள் அப்பா வீடியோ கடை வைத்திருந்தவர். அழியக் கூடாத கேசட்டின் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். இதில் செல்லோடேப் இருந்தது. “மணியாச்சு, எறங்கலாம் வா” என்று மட்டும் சொன்னாள்.

பாதி வழியில் ஒரு காட்டுமாடு குறுக்கே நின்றது. பாறைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். அது நகர்ந்ததும் விழுந்தடித்து ஓடி, நாலே காலுக்கு அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து விழுந்தார்கள்.

எஸ்தரும் அங்கேதான் காத்திருந்தாள். அண்ணாச்சி கேசட்டைப் போட்டார். திரையில் ஏதோ சினிமாச் சண்டை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பொங்கலுக்குப் படம் போட வேறு கேசட் கிடைக்காமல், தானே இதன் மேல் பதிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். கேசட்டை நிறுத்தக் கை நீட்டினார்.

“நிறுத்தாதீங்க அண்ணாச்சி,” என்றாள் சபீனா. “கேசட்டு மூணு மணி நேரம். படம் ரெண்டரை மணி நேரந்தான். கடைசிக்கு ஓட்டுங்க.”

ஓட்டினார். ‘வணக்கம்’ போட்டதும் திரை பொரிந்தது. பிறகு மேடை, மாலையோடு முதலாளி, பக்கத்தில் சேவலை இடுக்கிய தாவீது. முதலாளி மைக்கைப் பிடித்தார்: “தாவீதுக்கு நான்...” அந்த நேரம் பார்த்துச் சேவல் கூவித் தொலைத்தது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை. எஸ்தர் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்து, மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தார். “கேக்கலையா? மறுபடி சொல்றேன். கொழுந்து எடை போடுற கொட்டாய்க்குப் பின்னால மூணு சென்ட், தாவீதுக்கும் அவன் வாரிசுக்கும்.”

ரூத் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கணவரின் குரலாவது வருமா என்று காத்திருந்த எஸ்தருக்கு, திரையில் அவர் கூச்சத்தோடு சொன்ன ஒரே ஒரு ‘சரிங்க’ கிடைத்தது. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

மறுநாள் தாசில்தார் மூன்று முறை பார்த்தார், மூன்று முறையும் சிரித்தார். பிறகு அந்தக் குடும்பத்தை யாரும் வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு எழுதினார். அண்ணாச்சி அன்றே ஆள் கூட்டிக்கொண்டு மலையேறினார். கிறுக்குத்தனம் என்று போட்டுவிட்டு வந்த மிச்சக் கேசட்டுகளில் இன்னும் யார் வீட்டு வாழ்க்கை கிடக்கிறதோ, யார் கண்டார்?