மின்சாரம் செத்த ஊரில் ஒரு போன்

காலை பத்து மணிக்குள் மாதேஸ்வரன் மூன்று முரண்களைக் கண்டுபிடித்திருந்தார். நினைத்த நேரத்தில் மழையை வரவழைக்கும் மந்திரவாதி இருக்கும் ஊரில் தண்ணீர் லாரிக்கு ஏன் வரிசை நிற்கிறது? எந்தக் காயத்தையும் ஊதி ஆற்றும் கிழவி அரண்மனையிலேயே இருக்கையில் அரசன் ஏன் நொண்டுகிறான்? மூன்றாவது, பறக்கத் தெரிந்த கதாநாயகன் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். மூன்றையும் திரையில் குறித்துவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

சேலத்தில் முரண் தீர்வகத்தில் அவர் மூத்த ஆய்வாளர். மாயக்கதைகளை மக்கள் வெறுமனே படித்த காலம் போய்விட்டது. இப்போது கதைக்குள் நடந்து போகிறார்கள். கதாசிரியர் எழுதிக்கொடுத்ததை விதிப்பொறி என்ற கணினி ஓர் உலகமாக்கும். அந்த உலகத்துக்குக் கதைப்புலம் என்று பெயர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், மந்திரவாதியை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அங்கேதான் சிக்கல். மந்திரமும் போனும் பஸ்ஸும் ஒரே ஊரில் இருந்தால், எது எப்போது வேலை செய்யும் என்பதில் பொறி குழம்பிவிடும். ஒரு முறை, மந்திரத்தால் எதையும் உண்டாக்கும் ஊரில் யாரோ ஒருவர் "அப்புறம் ரேஷன் கடை எதுக்கு?" என்று கேட்க, உலகம் அப்படியே உறைந்துபோனது. உள்ளே இருந்த நானூறு பேரில் பாதிப்பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. முரண் இல்லை என்று ஆய்வாளர் முத்திரை வைக்காமல் எந்த மாயக்கதையும் திறக்க முடியாது.

மாதேஸ்வரனும் ஒரு கதை எழுதியிருந்தார். பதினொரு வருஷ உழைப்பு. சான்றுக்குப் போனபோது ஒரு முரண்கூட இல்லை. அதுவரை அப்படி வேறு எந்தக் கதையும் தேறியதில்லை. ஒன்பது நாள் ஓடியது. உள்ளே போனவர்கள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்க எதுவும் இல்லாமல் திரும்பி வந்தார்கள்.

அவரோடு அதே பயிற்சிப் பட்டறையில் எழுதப் பழகியவள் பௌசியா. ஆத்தூர்க்காரி, கால்நடை மருத்துவமனையில் வேலை. அவளுடைய முதல் கதையில் அவரே இருபத்தாறு முரண்களைக் காட்டினார். பறக்கும் மனிதர்களின் வீட்டில் படிக்கட்டு எதற்கு என்று கேட்டார். மறுநாள் அவள் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: பறக்கத் தெரியாத விருந்தாளிகளுக்காக அவர்கள் படி கட்டுகிறார்கள், எத்தனை படி இருக்கிறதோ அத்தனை மரியாதை அந்த வீட்டுக்கு. இருபத்தாறு கேள்விக்கும் இப்படியே. அவர் ஓட்டையைக் காட்டினால் அவள் அதில் ஜன்னல் வைத்தாள். கதை பதினான்கு மாதம் ஓடியது. அவர் மனைவி சுசீலாவே பதினொரு தடவை போய் வந்தாள். கணவன் எழுதிய கதைக்கு ஒரே ஒரு தடவை போனாள், அன்றைக்கும் தலைவலி என்று பாதியில் வந்துவிட்டாள்.

தெருவில் யாராவது அந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசினால் மாதேஸ்வரனுக்கு வயிறு காந்தும். 'கேள்வி என்னுடையது' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

அன்று பதினொரு மணிக்கு வந்த கோப்பு, பௌசியாவின் இரண்டாவது கதை.

அதில் ஒரு மலையூர். அங்கே மந்திரம் பலிக்கும், ஆனால் மந்திரம் சொன்ன இடத்தைச் சுற்றி இரண்டு மைலுக்கு மறுநாள் விடியும்வரை மின்சாரம் செத்துவிடும், பேட்டரிகூட வேலை செய்யாது. பொன்னுருவி என்ற மருத்துவச்சி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மந்திரம் சொல்லி நோயாளிகளைப் பிழைக்க வைக்கிறாள். அதனால் ஊரில் எண்ணெய் விளக்குதான், மின்விசிறி சுற்றாது, டீக்கடை ரேடியோ பாடாது. எல்லாம் கச்சிதம். ஆனால் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், வேலை முடிந்ததும் பொன்னுருவி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, தூர நகரத்தில் இருக்கும் மகளோடு போனில் பேசுகிறாள். தினமும் பேசுகிறாள்.

மாதேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்தார். மின்சாரம் செத்த ஊரில் போன்! கதையின் முதல் விதியையே அவள் மீறியிருக்கிறாள். பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யாத தவறு. பல வருஷமாகக் காத்திருந்த ஒன்று கைக்கு வந்த மாதிரி இருந்தது. 'முதன்மை முரண்' என்று சிவப்பில் குறித்தார். அந்தக் குறி விழுந்தால் ஒரு வரி சேர்த்துத் தப்பிக்க முடியாது, காட்சியையே மாற்ற வேண்டும்.

குறித்த முரணை ஆய்வாளர் புலத்துக்குள் போய் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

மலையூரில் வெயில் தாழ்ந்திருந்தது. பொன்னுருவி வாசல் படியில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். "சாப்டியா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெறும் தயிர்சாதம் போதுமா உனக்கு?" என்றாள். மறுபடி பொறுத்து, சிரித்தாள்.

மாதேஸ்வரன் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். போனின் திரையில் வெளிச்சம் இல்லை. காதை நெருக்கமாக வைத்துக் கேட்டார். மறுமுனையில் எதுவும் இல்லை.

அப்போதுதான் தெருவைக் கவனித்தார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, மணி அடிக்காமல் தள்ளிக்கொண்டு போனார். சண்டை போட்டுக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் வாசலைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டார்கள். கதை முழுக்க எல்லாவற்றுக்கும் அவளிடம் விளக்கம் கேட்ட ஊர் அது. இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மகள் இல்லை. எப்போதோ போய்விட்டாள். ஊரையே பிழைக்க வைக்கிறவளால் அந்த ஒருத்தியை முடியவில்லை. இது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. மின்சாரத்தைப் பற்றிய அந்த ஒரு விதியைத் தவிர அதற்கு வேறு சாட்சியும் இல்லை.

ஹெட்செட்டைக் கழற்றியபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொண்டார். துடைத்த கை இறங்குவதற்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. விதிகளை எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தார். அவள் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் சாவைச் சொல்லிவிட்டாள். தன்னுடைய பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு மாலை இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

சிவப்புக் குறியை அழிக்க ஒரு விரல் போதும். அவர் அழிக்கவில்லை.

மறுநாள் மதியம் பௌசியா வந்தாள். ஆத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"வாம்மா, உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாண்ணா. ஐம்பத்திரண்டாம் பக்கம் குறிச்சிருக்கீங்க."

"ஆமா. பெரிய ஓட்டை."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவ பேசுறதைப் பக்கத்துல நின்னு கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன்."

"கேட்டதுக்கப்புறம் வேற எதுவும் தோணலையா?"

எழுதியவள் வாய்விட்டு விளக்கினால் அந்தக் காட்சி அங்கேயே செத்துவிடும். அதனால்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தது என்ற ஒரு சொல் போதும் அவளுக்கு. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

"கரண்டே இல்லாத ஊர்ல போன் எப்படி வேலை செய்யும்? அதுதாம்மா தோணுச்சு."

பௌசியா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "நீங்க ஒருத்தர் போதும்னு நினைச்சேன்," என்றாள். "வேற யாருக்குப் புரியலைன்னாலும் உங்களுக்குப் புரியும்னு. உங்களை மாதிரி உன்னிப்பா படிக்கிறவங்க யாரும் இல்லையே. உங்களுக்கே போய்ச் சேரலைன்னா நான்தான் சரியா எழுதலை."

"அப்படி இல்லம்மா..."

"இல்லண்ணா, நிஜமாத்தான். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. "மலைக்கு அந்தப் பக்கம் அஞ்சல் கழுதைன்னு ஒண்ணு வை," என்றார். "மக மாசாமாசம் லெட்டர் போடட்டும். லெட்டருக்குக் கரண்ட் வேண்டாம்."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கதை திறந்தது. மகளின் கடிதங்கள் வேடிக்கையாக இருந்தன. மக்கள் சிரித்தார்கள், ஐந்து மாதம் வந்து போனார்கள். நன்றிப் பக்கத்தில் பௌசியா அவர் பெயரை முதலாவதாகப் போட்டிருந்தாள். சுசீலா ஒரு தடவை போய்விட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு," என்றாள். மறுபடி போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து பௌசியாவின் மூன்றாவது கதை வந்தது. கோப்போடு அவளும் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். முதல் நாற்பது பக்கமும் விதிகள். எந்த மந்திரம் எந்த இயந்திரத்தை எவ்வளவு தூரத்தில் என்ன செய்யும் என்பதற்கு அட்டவணை. மாதேஸ்வரன் மூன்று மணி நேரம் தேடினார். படிக்கட்டு எதற்கு என்று கேட்பதற்குக்கூட ஓர் இடம் இல்லை. தேடுவது முரணைத்தானா என்று நடுவில் அவருக்கே சந்தேகம் வந்தது. உள்ளேயும் போய் வந்தார். கேட்க எதுவும் இல்லாமல் திரும்பினார்.

"பௌசியா," என்றார். "போன கதையில, அந்தப் போன். அது எனக்கு..."

"அய்யோ, அதை விடுங்கண்ணா!" அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "இப்ப நினைச்சாலும் கூச்சமா இருக்கு. என்னமோ பெருசா எழுதிட்டதா நினைச்சிட்டு இருந்தேன். இதைச் சொல்லுங்க, எத்தனை முரண்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

பௌசியாவின் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தாண்ணா நான் எழுதவே கத்துக்கிட்டேன்," என்றாள்.

மாதேஸ்வரன் முத்திரையை வைத்தார். அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கிக்கொண்டாள். பல வருஷங்களில் முதல் தடவையாக, அவளைப் பார்த்தபோது அவர் வயிறு காந்தவில்லை.